வீட்டு நிலத்தில் வேகமாக வளரும் அக்கேசியாவும் புல்லும்: எதை நடலாம், எதைத் தவிர்க்கலாம்?

தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் வீட்டுக்குக் குடிவந்த குடும்பங்களுக்கு முதலில் உறைப்பது வெயில்தான். பால்மரமும் செம்பனையும் தந்த நிழல் தோட்டத்தோடு போய்விட்டது. புது வீட்டின் பின்புறம் வெறும் செம்மண். மதியத்துக்கு மேல் சுவர் சுடுகிறது. அந்த நேரத்தில் யாராவது ஒருவர், "அக்கேசியா வையுங்கள், மூன்றே வருடத்தில் கூரையைத் தாண்டிவிடும்" என்று யோசனை சொல்வார். அவர் சொல்வதில் பொய் இல்லை. ஆனால், கூரையைத் தாண்டிய மரம் அதோடு நிற்பதில்லை என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

வேகமாக வளரும் செடியைத் தேடுவதில் தவறு ஏதும் இல்லை. அது எந்த உயரத்தில் நிற்கும், அதை யார் வெட்டுவது, வெட்டியதை என்ன செய்வது என்ற மூன்று கேள்விகளையும் நடுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். இந்தக் கேள்விகளை வைத்துப் பார்த்தால், மலேசியாவில் அக்கேசியா என்ற பெயரில் விற்கப்படும் பெருமரங்கள் வீட்டு வளாகத்துக்கு ஏற்றவை அல்ல. அதே உறவில் உள்ள ஒரு வேலிச் செடியும், சில புல் வகைகளும் மிகவும் ஏற்றவை.

பெயரில் ஒரு குழப்பம்

தமிழர்களுக்கு இந்தக் குடும்பம் புதியதல்ல. பல் துலக்க ஆலோடு சேர்த்துச் சொல்லப்படும் வேல், அதாவது கருவேலமரம், நெடுங்காலம் அக்கேசியா என்ற அறிவியல் பெயரிலேயே இருந்தது. எண்ணெய்க் குளியலுக்குப் பயன்படும் சீகைக்காயும் அப்படித்தான். 2005-இல் வியன்னாவில் நடந்த அனைத்துலகத் தாவரவியல் மாநாடு அக்கேசியா என்ற பெயரை ஆஸ்திரேலிய இனங்களுக்கே ஒதுக்கியது. 2011-இல் மெல்பர்ன் மாநாட்டிலும் அது மாறவில்லை. அதன்பின் கருவேலம் 'வாச்செல்லியா' ஆனது, சீகை 'செனகாலியா' ஆனது. ஆயிரம் ஆண்டுகளாக நாம் வேல் என்று அழைத்தது இப்போது பெயரளவில் அக்கேசியா இல்லை.

நம் நாட்டுச் சாலையோரங்களில் காணப்படுபவை ஆஸ்திரேலிய வகையைச் சேர்ந்தவை. அவற்றில் முள் இருக்காது. நாம் இலை என்று நினைப்பதும் உண்மையில் இலை அன்று. இலைக்காம்பு தட்டையாகி இலைபோல் வேலை செய்கிறது. முளைத்த சில வாரக் கன்றில் மட்டும் புளிய இலை போன்ற உண்மையான இலையைப் பார்க்கலாம்.

இரண்டு பெருமரங்கள்

முதலாவது அக்கேசியா ஆரிகுலிஃபார்மிஸ். பிறை போல் வளைந்த குறுகிய 'இலை', காது போல் முறுக்கிய காய், மஞ்சள் கதிர்ப்பூ ஆகியவை இதன் அடையாளம். 1930-களில் தீபகற்ப மலேசியாவுக்கு வந்தது. எந்த மண்ணிலும் பிழைக்கும் என்பதால் சாலையோரங்களிலும் பள்ளி வளாகங்களிலும் நடப்பட்டது.

இரண்டாவது அக்கேசியா மாஞ்சியம். உள்ளங்கையை விடப் பெரிய, அகன்ற 'இலை' கொண்டது. 1966-இல் குவீன்ஸ்லாந்திலிருந்து விதை கொண்டுவரப்பட்டு சபாவில் நடப்பட்டது. அப்போது நோக்கம் பலகை அன்று. பைன் மரத் தோட்டங்களுக்குத் தீத்தடுப்பு வேலியாக நட்டுப் பார்த்தனர். அது காட்டிய வளர்ச்சிதான் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. சபாவில் 9 ஆண்டில் 23 மீட்டர் உயரம், ஆண்டுக்கு 2 முதல் 3 சென்டிமீட்டர் வரை தண்டு விட்டம் என்று பதிவாகியுள்ளது. 1980-களில் தீபகற்பத்திலும் பெரிய அளவில் பயிரிடப்பட்டது. பின்னர் தண்டின் நடுப்பகுதி அழுகும் நோய் பரவலாகத் தெரியவந்ததும் ஆர்வம் குறைந்தது. வெளியே பார்த்தால் திடமான மரம். அறுத்தால் உள்ளே பஞ்சு.

இரண்டும் காற்றிலுள்ள நைட்ரஜனை வேர் முடிச்சுகளில் சேர்த்து மண்ணுக்குத் தரும். ஈயம் தோண்டிய பின் வெறும் மணலாய்க் கிடந்த நிலங்களில் வேறு எதுவும் எளிதில் வராதபோது இவை வளர்ந்ததற்கு அதுவே காரணம். அந்த வகையில் இவை நல்ல மரங்கள். இடம்தான் வேறு.

வீட்டோரம் ஏன் வேண்டாம்?

ஆரிகுலிஃபார்மிஸ் மரக்கிளை எளிதில் ஒடியும். அடியிலேயே இரண்டு மூன்றாகக் கிளைத்து வளரும் பழக்கம் அதற்கு உண்டு. அந்தக் கவட்டில்தான் மாலை நேரப் புயல்காற்றில் பிளவு விழும். வரிசை வீட்டில் ஒரு கிளை முறிந்தால் அது நம் வீட்டுக் கூரையில் மட்டும் விழுவதில்லை.

அடுத்தது சருகு. இந்த 'இலை' தடிப்பானது, சீக்கிரம் மக்காது. கூரையோர நீர்வாய்க்காலில் சேர்ந்து அடைத்துக்கொண்டால் அங்கே தண்ணீர் தேங்கும். தேங்கிய தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். டிங்கிக் காய்ச்சல் பரவும் தாமான்களில் இது சின்ன விஷயம் அல்ல. வறட்சிக் காலத்தில் இதே சருகு எளிதில் தீப்பிடிக்கும். தீ அணைந்த பின், மண்ணில் பல ஆண்டு உறங்கிக் கிடந்த விதைகள் சூடுபட்டுக் கூட்டமாக முளைக்கும். வெட்டவெளியிலும் எரிந்த காட்டோரங்களிலும் அக்கேசியா தானாகவே பரவியிருப்பது இப்படித்தான்.

சட்டமும் உண்டு. 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின் கீழ், 80 சென்டிமீட்டருக்கு மேல் சுற்றளவு கொண்ட மரத்தை ஊராட்சி மன்றத் திட்டமிடல் பிரிவின் எழுத்துபூர்வ அனுமதியின்றி வெட்டக்கூடாது. பட்டுப்போன மரம், உடனடி ஆபத்தை விளைவிக்கும் மரம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. இது தீபகற்ப மாநிலங்களுக்கான சட்டம். கோலாலம்பூருக்கும் சபா, சரவாக்குக்கும் தனிச் சட்டங்கள் உள்ளன.

80 சென்டிமீட்டர் சுற்றளவு என்றால் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் விட்டம். மாஞ்சியத்தின் வளர்ச்சி வேகத்தில் அது 8 முதல் 12 ஆண்டு வேலை. பிள்ளை முதலாம் ஆண்டு சேரும்போது நட்ட கன்று, அவன் எஸ்பிஎம் எழுதும்போது அனுமதி கேட்டு வெட்ட வேண்டிய மரமாகியிருக்கும். அதற்குள் மின்கம்பியையும் அண்டை வீட்டுச் சுவரையும் தொட்டிருந்தால், ஏணியும் பாராங்கும் வைத்திருக்கும் உறவினரைக் கூப்பிட்டு முடிக்கும் வேலையாக அது இருக்காது. கயிறு கட்டித் துண்டு துண்டாக இறக்கத் தெரிந்த ஆட்களுக்குத்தான் கூலி கொடுக்க வேண்டும்.

வீட்டோரம் தானாக முளைத்த கன்று என்றால், ஈர மண்ணில் கையாலேயே வேரோடு பிடுங்கிவிடலாம். முழங்கால் உயரத்தில் ஒரு நிமிட வேலை அது.

அரை ஏக்கர் நிலம் இருந்தால்

கம்பத்தில் அரை ஏக்கருக்கு மேல் சொந்த நிலம் வைத்திருப்பவர்களுக்குக் கதை வேறு. ஆட்டுப்பட்டிக்குக் கம்பம், அடுப்புக்கு விறகு, கரி என்று ஆரிகுலிஃபார்மிஸ் நன்றாகவே உதவும். வீட்டிலிருந்து குறைந்தது 25 மீட்டர் தள்ளி, மின்கம்பி செல்லாத பக்கமாக நடுவது பாதுகாப்பு.

விதையின் தோல் கடினமானது. கொதிநீரில் 30 விநாடி போட்டு எடுத்து, குளிர்ந்த நீரில் ஓர் இரவு ஊறவைத்தால் ஒரு வாரத்தில் முளைக்கத் தொடங்கும். கன்று இடுப்பளவு வந்ததும் பல தண்டுகளில் நேரான ஒன்றை மட்டும் விட்டு மற்றதை வெட்டிவிட வேண்டும். பக்கக் கிளைகளை விரல் பருமனில், அதாவது 2 சென்டிமீட்டருக்குள் இருக்கும்போதே கழிக்க வேண்டும். தடித்த கிளையை வெட்டிய புண் வழியாகத்தான் உள்ளழுகல் பூஞ்சை நுழைகிறது. பலகைக்கு என்று ஆசைப்பட்டு வளர்ப்பவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடும் இடம் இதுவே.

வேலியாகவும் கறியாகவும் ஒரு செடி

வீட்டு வளாகத்துக்கு உண்மையிலேயே ஏற்ற 'அக்கேசியா' எது என்றால், அது தாய்லாந்து எல்லைப் பக்கம் சா-ஓம் என்று அழைக்கப்படும் செடி. கெடா, பெர்லிஸ், கிளந்தான் சந்தைகளில் இதன் இளந்தளிர்க் கட்டுகளைப் பார்க்கலாம். முன்பு அக்கேசியா பென்னாட்டா. இப்போது சீகைக்காயைப் போலவே செனகாலியா. சீகையின் நெருங்கிய உறவு என்பது அதன் முள்ளைத் தொட்டால் தெரிந்துவிடும். சீகை பெருங்கொடியாகப் படர்ந்து மரத்தையே மூடிவிடும், வீட்டுக்கு ஆகாது. சா-ஓம் வெட்ட வெட்டத் தழைக்கும்.

வளர்ப்பது எளிது. பென்சிலை விடச் சற்றுத் தடித்த முற்றிய குச்சியை ஒரு முழ நீளத்தில் வெட்டி, பையில் ஊன்றி, நிழலில் வைத்தால் வேர்விடும். வேர்விட்ட கன்றை அரை மீட்டர் இடைவெளியில் வேலியோரம் நடலாம். நல்ல வெயில் வேண்டும்; தண்ணீர் தேங்கக் கூடாது. இடுப்பு உயரத்துக்கு வந்ததும் நுனியை வெட்டிவிட வேண்டும். அதன்பின் மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை தளிர் பறிக்கலாம். பறிப்பதே கவாத்து என்பதால், செடி உயரமாகிவிடும் என்ற கவலை இல்லை. முள்ளிருப்பதால் கோழி வெளியே போகாது, நாய் உள்ளே வராது.

தளிரைப் பச்சையாக முகர்ந்தால் சிலருக்குப் பிடிக்காது. கந்தக வாடை அடிக்கும். சூட்டில் அந்த வாடை அடங்கிவிடும். தாய்லாந்தில் முட்டையோடு அடித்துப் பொரித்து, சதுரமாக வெட்டிப் புளிக்குழம்பில் போடுவார்கள். முருங்கைக் கீரையை முட்டையோடு பிரட்டிச் சாப்பிட்டுப் பழகிய வீடுகளுக்கு இது சிரமமாக இராது. முள்ளில்லாத இளநுனியை மட்டும் கிள்ளிச் சேர்க்க வேண்டும். பியூரின் மிகுந்த கீரை என்பதால் கீல்வாதத்தில் 'கௌட்' எனப்படும் யூரிக் அமிலத் தொல்லை உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. கைக்குழந்தைகள் ஓடியாடும் முன்வாசலில் நட வேண்டாம். முள் சிறியதானாலும் வளைந்தது, சட்டையைப் பிடித்தால் விடாது.

ஆடு வளர்ப்பவர்கள் வேலிக்கு பெத்தாய் பெலாலாங் நடுவதும் உண்டு. தமிழ்நாட்டில் சூபாபுல், சவுண்டல் என்று சொல்வது இதைத்தான். அக்கேசியா இல்லை, அதே அவரைக் குடும்பம். தழையில் புரதம் மிகுதி. ஆனால் மிமோசின் என்ற நச்சுப்பொருளும் இருக்கிறது. தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் ஆட்டுக்கு முடி கொட்டும். காய் முற்றுவதற்குள் வெட்டாவிட்டால் விதை அக்கம்பக்கமெல்லாம் முளைத்துவிடும்.

சரிவில் வெட்டிவேர்

புல் என்றால் மாடு மேய்வது மட்டும் அல்ல. செராய் ஒரு புல், கரும்பு ஒரு புல், மூங்கிலும் புல்தான். வீட்டைக் காப்பாற்றும் புல் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், அது வெட்டிவேர். உலகம் முழுவதும் 'வெட்டிவர்' என்று வழங்கும் சொல் தமிழிலிருந்து போனது.

இதன் வேர் பக்கவாட்டில் ஓடுவதில்லை. நேராகக் கீழே இறங்கும். நல்ல மண்ணில் 3 மீட்டருக்கும் கீழே போகும். மலேசியாவில் இதைத் தீவிரமாகச் சோதித்துப் பார்த்தவர்களில் முக்கியமானவர் ரப்பர் ஆராய்ச்சிக் கழக விஞ்ஞானி பி.கே. யூன். 1990-களின் தொடக்கத்தில் அவர் எழுதிய அறிக்கைகள் அப்போது பிற நாடுகளிலும் படிக்கப்பட்டன. பின்னர் நெடுஞ்சாலைச் சரிவுகளில் இதை நட்ட பொறியாளர்கள் வேரின் இழுவலிமையை அளந்தபோது, சராசரியாக 75 மெகாபாஸ்கல், அதாவது சாதாரண இரும்புக் கம்பியின் வலிமையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு என்று தெரியவந்தது. ஒரு புல்லின் வேருக்கு அது பெரிய எண்.

தென்னிந்திய வகை வெட்டிவேர் முளைக்கும் விதை தருவதில்லை. நட்ட இடத்தை விட்டு அசையாது. அதனால் தூரைப் பிரித்துத்தான் நட வேண்டும். மூன்று நான்கு தண்டுகள் கொண்ட தூராகப் பிரித்து, மேலே ஒரு சாண், கீழே வேர் நான்கு விரல் விட்டு நறுக்கிக்கொள்ள வேண்டும். சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில், 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளியில் வரிசையாக நட வேண்டும். சரிவின் மேலிருந்து கீழாக நட்டால் பயனில்லை. மழைநீர் இரு வரிசைகளுக்கு நடுவே வாய்க்கால் வெட்டிக்கொண்டு ஓடும். செங்குத்தான சரிவில் ஒவ்வொரு மீட்டர் இறக்கத்துக்கும் ஒரு வரிசை தேவை. நான்கைந்து மாதத்தில் தூர்கள் ஒன்றோடொன்று சேர்ந்து வேலியாகும். நீர் கடந்துபோகும், மண் தங்கிவிடும்.

நிழலில் இது சோர்ந்துவிடும். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால் தூர் பருக்கும். பானைத் தண்ணீரில் போடவும் எண்ணெய்க்கு இடவும் வேர் வேண்டும் என்பவர்கள் தனியாக ஒரு பையில் வளர்த்துக்கொள்ளலாம். சரிவில் நட்டதைத் தோண்டி எடுத்தால் நட்டதற்கே அர்த்தமில்லாமல் போகும்.

மேல்மண் சரிவையும் அரிப்பையும்தான் இந்தப் புல் தடுக்கும். மலையே உள்ளிருந்து நகர்ந்தால் எந்தப் புல்லும் நிற்காது. 1993 டிசம்பர் 11-இல் உலு கிளாங்கில் 48 உயிர்களைப் பறித்த ஹைலண்ட் டவர்ஸ் போன்ற சரிவு வேறு வகை. தடுப்புச் சுவரில் விரிசல், சாய்ந்து வரும் மரம், திடீரென்று கலங்கலாகக் கசியும் நீர் ஆகியவற்றைக் கண்டால் ஊராட்சி மன்றத்துக்கும் பொறியாளருக்கும்தான் சொல்ல வேண்டும்.

மாட்டுக்கும் ஆட்டுக்கும்

தோட்டப்புறத்தில் மாடு வளர்ப்பது பலருக்கும் சம்பளத்துக்கு மேல் ஒரு வருமானமாக இருந்தது. இப்போது மேய்ச்சலுக்கு இடம் குறைந்துவிட்டது. மறுநடவு செய்த செம்பனைக் கன்றை மாடு கடித்தால் தோட்ட நிர்வாகத்தோடு தகராறு; சாலையில் திரிந்தால் விபத்து, அபராதம். கட்டிப்போட்டு வளர்ப்பதற்குப் புல் வேண்டும்.

அதற்கு நேப்பியர்தான் முதல் தேர்வு. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த யானைப்புல் இது. இதைக் கம்போடு ஒட்டுச் சேர்த்து உருவாக்கியதே தாய்லாந்தின் பாக்சோங். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ-4 ஒட்டுப்புல்லும் அதே வழியில் வந்தது. மூன்று கணு உள்ள கரணையை, இரண்டு கணு மண்ணுக்குள் இருக்குமாறு சாய்வாக ஊன்ற வேண்டும். முதல் அறுவடை இரண்டு இரண்டரை மாதத்தில். பிறகு 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை, தரையிலிருந்து ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக விட்டு அறுக்கலாம். ஆளுயரம் தாண்ட விட்டால் எடை கூடும். ஆனால் தண்டு முற்றி, புரதம் குறைந்து, மாடு பாதியை ஒதுக்கிவிடும்.

எவ்வளவு இடம் வேண்டும் என்பதுதான் பலரும் கணக்குப் போடாமல் விடுவது. ஆடோ மாடோ, ஒரு நாளைக்குத் தன் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு பச்சைப் புல் தின்னும். 30 கிலோ ஆட்டுக்கு 3 கிலோ. 270 கிலோ மாட்டுக்கு 27 கிலோ. நன்றாகச் சாணமிட்டு நீர் பாய்ச்சினால் 100 சதுர மீட்டர் நேப்பியர் ஆண்டுக்கு இரண்டு, இரண்டரை டன் தரும். நாளுக்கு 6 கிலோ என்று வைத்தால் இரண்டு ஆடு. ஒரு மாட்டுக்கு ஏக்கரில் பத்தில் ஒரு பங்குக்கும் சற்று மேலே தேவை. வீட்டின் பின்னால் உள்ள இருபதடி இடத்தை நம்பி மாடு வாங்குவது ஆகாத காரியம்.

அறுத்த புல்லை அப்படியே போடாமல் சில மணி நேரம் வாடவிட்டுப் போடுவது நல்லது. அதிகமாக யூரியா போட்ட உடனும், வறட்சிக்குப் பின் முதல் மழையில் துளிர்த்த உடனும் அறுத்த புல்லில் நைட்ரேட் மிகுந்திருக்கும், கால்நடைக்கு ஆபத்து. மர நிழல் விழும் இடத்தில் நேப்பியரை விட கினியா புல் தேறும். இரண்டையும் வீட்டுச் சுவரை ஒட்டி நட வேண்டாம். எலி வந்தால் பின்னாலேயே பாம்பு வரும்.

முற்றத்துப் புல்

வாசலில் தரை மூட 'கௌ கிராஸ்' எனும் அகன்ற இலைப் புல்லே போதும், நிழலையும் தாங்கும். பிலிப்பீன்ஸ் புல் பார்க்க அழகு, ஆனால் முழு வெயிலும் பொறுமையும் வேண்டும். பிள்ளையாருக்கு அறுகு வேண்டும் என்பவர்கள் அகன்ற சட்டியில் வளர்ப்பது மேல். தரையில் விட்டால் பூச்சட்டி வரைக்கும் ஓடும். மறைப்புக்கு மூங்கில் வைப்பவர்கள், கொத்தாக நிற்கும் வகையா, மண்ணுக்கடியில் ஓடும் வகையா என்று நர்சரியில் கேட்டுவிட்டு வாங்க வேண்டும். ஓடும் வகை அண்டை வீட்டு முற்றத்தில் முளைத்த பிறகு கேட்டுப் பயனில்லை.

லாலானைப் பற்றித் தோட்டத்து மக்களுக்குப் பாடம் நடத்தத் தேவையில்லை. ரப்பர் நடவில் அதை அடக்கவே மூடுபயிர்க் கொடிகளை விட்டார்கள். லோரியில் வாங்கிக் கொட்டும் மண்ணில் அதன் வெள்ளை வேர்த்தண்டு துண்டுதுண்டாக வரும். மண்ணைப் பரப்பும் நாளிலேயே பொறுக்கி, வெயிலில் காயவைத்துவிட வேண்டும். விரல் நீளத் துண்டு ஒன்று போதும், அடுத்த மழையில் எழுந்துவிடும்.

நடுவதற்கு நேரம் பார்த்தால், மேற்குக் கரையில் ஏப்ரல், மே மழையோ அக்டோபர் மழையோ இவை எல்லாவற்றுக்கும் பொருந்தும். கிழக்குக் கரையில் நவம்பரில் பருவமழை பிடித்துக்கொள்ளும் என்பதால், சரிவில் வெட்டிவேர் நட நினைப்பவர்கள் ஜூலைக்குள் நட்டு, வேர் இறங்கும்வரை கையால் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும்.